யான் எழுதாது விட்ட கதை

சென்ற ஆடித் திங்களில் ஒரு நாள், எம் கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டம் முடிந்து யாவரும் கலையும் வேளையில், மலர்ப் பணியை ஏற்றிருந்த ஆசிரியர் என்னை அருகழைத்து, இவ்வாண்டு மலருக்கு யான் ஒரு சிறுகதை எழுதித் தருதல் வேண்டுமென்று பணித்தார். அரசரும் அரண்மனையும் வரும் பழங்கதைகள் முன்னைய மலர்களில் நிரம்ப வந்துவிட்டனவாம். ஆதலின் இன்னும் பதினைந்தாண்டு கழித்து நம் நாட்டு வாழ்க்கை எவ்வாறிருக்குமென்பதைக் கருவாகக் கொள்க என்றும் கூறினார். யானும் மகிழ்ந்து உடன்பட்டேன். அக்கதை இம்மலரில் இல்லை. அதற்கு மாறாக, அக்கதையை யான் ஏன் எழுதாது விட்டேன் என்பதையே ஈண்டு எழுதுகின்றேன். படிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

கதையின் கட்டுக்கோப்பு அன்றிரவே என் உள்ளத்தில் உருவாயிற்று. ஆண்டு 2040. பாளையங்கோட்டையில் ஒரு வழக்கறிஞரின் குடும்பம்: கணவர், மனைவி, கல்லூரியிற் பயிலும் மகள், பத்து வயது மகன். அவ்வீட்டுக் கதவு முகங்கண்டு திறக்கும். விளக்கு குரல் கேட்டு எரியும். பிள்ளைகள் எங்கு நிற்கின்றனர், எவரோடு பேசுகின்றனர் என்பதைத் தாய் அடுக்களையில் இருந்தவாறே திரையிற் காண்பாள். அத்துணைக் காவலுடைய வீட்டை ஒருவன் தொடரத் தலைப்படுகின்றான். அவன் பூட்டை உடைப்பதில்லை, மதிலேறிக் குதிப்பதில்லை. அவர்கள் செல்லுமிடமெல்லாம் அவர்கட்கு முன்னரே சென்று நிற்கின்றான். அவ்வளவே. அச்சம் சிறிது சிறிதாக அவ்வீட்டினுட் புகுந்து, ஒருவரையொருவர் ஐயுறச் செய்து, இறுதியில் குடும்பமே சிதறும் நிலை எய்துகின்றது. இதுவே யான் வகுத்த கதை.

இவ்வகைக் கதைகட்கு மேனாட்டில் நன்கு மிதிபட்டதொரு வழி உண்டு. ஜான் டி. மக்டொனால்டு என்னும் அமெரிக்க ஆசிரியர் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலொன்று, 1962-இல் ‘கேப் ஃபியர்’ என்னும் பெயரால் திரைப்படமாயிற்று. 1991-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி அதனை மீண்டும் எடுத்தார். சிறைத் தண்டனை கழிந்து வெளிவரும் ஒருவன், தன் துன்பத்திற்குக் காரணமென்று தான் கருதும் வழக்கறிஞரின் குடும்பத்தைத் தொடர்கின்றான். முந்திய படத்தில் அவ்வழக்கறிஞர் அவனுக்கெதிராகச் சான்று பகர்ந்தவர். பிந்திய படத்தில் அவன் பொருட்டு வாதாடியவர். தொடர்வோன் தெருவில் நிற்கின்றான், பார்க்கின்றான், புன்னகை செய்கின்றான். நின்றதற்கும் பார்த்ததற்கும் எந்தச் சட்டத்தின்கீழ் அவனைப் பிடிப்பது என்று காவலரே கை பிசைகின்றனர். பிந்திய படத்தில் அவன் அவ்வீட்டு மகளை, அவள் பள்ளியின் நாடக ஆசிரியன்போலத் தொலைபேசியிற் பேசி நம்பச் செய்கின்றான். வீட்டின் வாயில்களுள் எளிதாகத் திறப்பது பிள்ளையின் வாயே என்பதை அவன் அறிந்திருந்தான். அவ்விடத்தை என் குறிப்பேட்டில் இருமுறை கோடிட்டு வைத்தேன். ஏன் கோடிட்டேன் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை.

இயன் மக்யூவன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1997-இல் எழுதிய ‘எண்டூரிங் லவ்’ என்னும் நாவலையும் படித்தேன். ஒரு விபத்தினிடையே சிறிது பொழுது சந்தித்த ஒருவன், மற்றவன் தன்மேற் காதல் கொண்டுவிட்டான் என்றே உறுதியாக நம்பித் தொடர்கின்றான். இத்தகைய நம்பிக்கையை ஒரு நோயாக விரித்துரைத்தவர் கிளேராம்போ என்னும் பிரெஞ்சு மனநல மருத்துவர்; ஆண்டு 1921. அந்நாவலில் என் நெஞ்சைச் சுட்டது தொடர்வோனுடைய செயலன்று. தொடரப்பட்டவனின் சொல்லை அவனோடு வாழ்ந்த பெண்ணே நம்பாது ஐயுற்றமையேயாம்.

சட்டம் இக்குற்றத்திற்குப் பெயரிட்டது நெடுங்காலம் கழித்தே. ரெபெக்கா ஷேஃபர் என்னும் இருபத்தோரு வயது நடிகை, 1989-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டு வாயிலிலேயே, தம்மை நெடுநாள் தொடர்ந்த ஒருவனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியா மாநிலம் தொடர்தலைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களுள் அதுவே முதலாவது. இங்கிலாந்தில் 1997-இல் தொல்லை தடுக்குஞ் சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டில், சென்னைக் கல்லூரி மாணவியொருவர் தெருவில் நேர்ந்த சீண்டலால் உயிரிழந்தபின் 1998-இல் ஒரு சட்டம் பிறந்தது. இந்திய நாடு முழுமைக்குமாக 2013-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னரும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்வதும், அவளோடு தொடர்பு கொள்ள முயல்வதும், இணையம் மின்னஞ்சல் முதலியவற்றில் அவள் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் குற்றமென அது வரையறுத்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாக விளங்குகின்றது.

இவ்வளவும் திரட்டிய பின்னர்க் கதை எழுத அமர்ந்தேன். முதல் இரண்டு பகுதிகள் தடையின்றி ஓடின. மூன்றாம் பகுதியில் இடறிற்று. வழக்கறிஞரின் மகள் ஒரு நாள் எவர்க்குஞ் சொல்லாது வழி மாறிச் செல்கின்றாள். ஆண்டும் அவன் நிற்கின்றான். அவன் அதனை எவ்வாறு அறிந்தான்? எதிர்காலக் கதையாதலின் புதியதொரு பொறியை யான் படைத்தாக வேண்டும். இன்றுள்ள பொறிகளை ஆராய்ந்தேன். தொலைந்த சாவியையும் பையையும் கண்டுபிடிக்க உதவும் பொருட்டு, நாணயம்போன்ற சிறு வில்லையொன்றை ஆப்பிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. அதனைப் பிறர் பையில் மறைத்துவைத்து அவரைத் தொடர்வோரும் தோன்றினர். பின்னர் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனமும் கூகுளும் கூடி, அத்தகைய வில்லை ஒருவரோடு அவரறியாது நகருமாயின் அவர் கைப்பேசி எவ்வகையினதாயினும் எச்சரிக்குமாறு செய்தன. யான் 2040-க்கென இதனினுஞ் சிறியதாய், அரிசிமணி யளவினதாய் ஒரு பொறியைக் கற்பனை செய்து, அதனை அம்மகளின் புத்தகப் பையில் வைத்தேன்.

விடுதியில் என் அறைத்தோழனுக்கு அப்பகுதியைப் படித்துக் காட்டினேன். அவன் கணித மாணவன். கதையிலும் விடை வேண்டுபவன். “பொறி நன்று. ஆனால் அதனை அப்பையில் வைத்தவர் யார்? அவன் வீட்டினுள் வந்ததே இல்லை என்கிறாயே,” என்று கேட்டான். வீட்டிலுள்ளோர் எவரேனும் அறியாமல் உதவியிருத்தல் வேண்டும் என்று விடை கூற வாயெடுத்தவன், சொல் தொண்டையில் நிற்க, எழுந்து வெளியே போய்விட்டேன். பதினோராண்டுகளாக யான் மூடிவைத்திருந்த ஒன்று அக்கேள்வியால் திறந்துகொண்டது. அதனைக் கூறுதற்கே இத்துணையும் முன்னுரை.

எங்கள் இல்லம் திருநெல்வேலி நகரில், நெல்லையப்பர் தேரோடும் வீதியை யடுத்த ஒரு சந்தில் இருந்தது. 2014-ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. என் தமக்கை பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாமாண்டு பயின்றுவந்தாள். நாடோறும் சந்திப்பு வழியே பேருந்திற் சென்று, தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து கல்லூரி யடைவாள். தந்தையார் ஓர் ஆலையிற் பணியாற்றினார். ஒரு வாரம் பகல் முறை, மறு வாரம் இரவு முறை. தாயார் இல்லத்தைக் கவனித்து வந்தார்.

எங்கள் சந்தின் முகப்பிலிருந்த பெட்டிக்கடையில் ஒரு வாலிபன் மாலைதோறும் வந்து நிற்பான். நல்ல உடை, மென்மையான பேச்சு. ஒரு நாள் என் பந்து சாக்கடையில் விழுந்தபோது, கடையிற் புதுப்பந்து ஒன்று வாங்கி என் கையிற் கொடுத்தான். மறுநாள் சோடா வாங்கித் தந்தான். எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை. அவன் என்னைத் “தம்பி” என்றழைத்துத் தோளில் கைபோட்டு நின்றபோது யான் எய்திய பெருமிதத்தை இன்று நினைப்பினும் உடல் கூசுகின்றது.

அவன் ஒன்றையும் அழுத்திக் கேட்டதில்லை. “அக்கா இன்று நேரமாகி வருவாளோ?” என்பான். “ஆமண்ணே, சனிக்கிழமை தட்டெழுத்து வகுப்பு,” என்பேன். “அப்பாவுக்கு இந்த வாரம் இரவு வேலையோ?” என்பான். “அடுத்த வாரந்தான் அண்ணே,” என்பேன். அக்காள் எந்தத் தடத்துப் பேருந்தில் ஏறுவாள், எந்தத் தோழியோடு வருவாள், கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் யாவை, கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் பழுதாயிருத்தல், இவையனைத்தும் யான் ஒவ்வொன்றாக ஈந்தவை. யான் கண்ட திரைப்படங்களில் கதைத்தலைவன் தலைவியைத் தெருத் தெருவாகத் தொடர்வான். அவள் சினந்து பேசுவாள். இறுதியிற் பாட்டுப் பாடி மணம் செய்துகொள்வாள். தலைவியின் தம்பிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதும் அப்படங்களில் உண்டு. ஆகவே யான் ஒரு படத்தினுள் இருப்பதாகவே எண்ணிக் களித்தேன்.

பின்னாளில் இக்கல்லூரியில் தொல்காப்பியம் பயின்றபோது ஒன்று என் சிந்தையைத் தைத்தது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் ஆசிரியர். தான் விரும்பியவளை அடையும்பொருட்டுப் பனைமடற் குதிரை யேறி ஊரறிய வருதலையும் அவர் பெருந்திணையிலேயே வைத்தார். வற்புறுத்தல் ஒன்று, அன்பு வேறொன்று என்பதை ஈராயிரமாண்டுப் பழமையுடைய நம் இலக்கணம் பிரித்தறிந்திருக்க, வெள்ளித்திரை அவ்விரண்டையும் குழைத்தூட்டியதை யான் பத்து வயதில் விழுங்கியிருந்தேன்.

நிற்க. இல்லத்தில் நிகழ்ந்தது வேறு. அக்காள் செல்லுமிடமெல்லாம் அவன் நிற்கத் தொடங்கினான். அவள் பேருந்தை மாற்றினாள்; அவனும் மாறினான். தட்டெழுத்து வகுப்பை வேறு நாளுக்கு மாற்றினாள், அந்நாளிலும் வந்தான். “என் பின்னால் வராதீர்கள், எனக்கு விருப்பமில்லை,” என்று ஒரு நாள் பாலத்தின்மேல் எல்லோருங் கேட்க உரைத்தாள். அவன் புன்னகைத்துப் போய்விட்டான்; மறுநாளும் வந்தான். இரவில் கைப்பேசி ஒருமுறை ஒலித்து அடங்கும். நூறு முறை அவ்வாறு ஒலித்த இரவும் உண்டு. அவன் அவளைத் தொடவில்லை. தீச்சொல் ஒன்றும் கூறவில்லை. அதனாலேயே அவள் அச்சத்தைப் பிறர்க்கு விளக்க இயலாது தவித்தாள்.

தான் போகுமிடங்களை அவன் எங்ஙனம் அறிகின்றான் என்று அவள் முதலில் தோழியரை ஐயுற்றாள். நெருங்கிய தோழியொருத்தியோடு பேசுவதை நிறுத்தினாள். தாயாரிடம் கூறியபோது, “நீ ஒன்றும் செய்யாமலா ஒருவன் இப்படி வருவான்?” என்று தாயார் கேட்டார். அவர் கொடியவரல்லர், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியவர். தந்தையார் செய்தி யறிந்ததும் அக்காளின் கைப்பேசியை வாங்கி அலமாரியிற் பூட்டினார்; சில நாள் கல்லூரிக்குப் போகவேண்டாம் என்றார். சில நாள் சில வாரமாயிற்று. முன்பக்கச் சாளரங்கள் அடைக்கப்பட்டன. மாடியில் துணி உலர்த்தவும் அவள் போகலாகாது. அவன் வெளியே தன் விருப்பம்போல் உலவினான். அவள் உள்ளே அடைபட்டாள். தண்டனை யாருக்கு என்று அவ்வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. 354-டி என்னும் பிரிவு பிறந்து ஓராண்டு கழிந்திருந்தும், அதன் பெயர்கூட எங்கள் சந்திற்கு வந்து சேரவில்லை.

தந்தையார் இரவு முறைக்குச் சென்றிருந்த ஒரு நாள் விடியலில், தாயார் கொல்லைப்புறத்தில் வீறிட்டழைத்தார். மதிலுக்குள், தாழ்ப்பாள் பழுதான கதவின் உட்புறத்தில், அக்காளின் மிதிவண்டி இருக்கைமேல் மல்லிகைப் பூப்பந்து ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பூ வாடவில்லை. இரவில் அவன் உள்ளே வந்து, நாங்கள் உறங்கிய அறையின் சாளரத்தருகே நின்று சென்றிருக்கின்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாழ்ப்பாளைப் பற்றி அவனுக்குச் சொன்னவன் யான் ஒருவனே. படத்தினுள் இருந்த சிறுவன் அக்கணத்தில் வெளியே விழுந்தான்.

ஆயினும் யான் வாய் திறந்தேனல்லேன். தந்தையாரின் தோல் வாருக்கு அஞ்சினேன். அவர் வந்து, “நீ சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று அக்காளையே உருட்டி விழித்துக் கேட்டபோதும், அவள் விம்மாமல் சுவரைப் பார்த்து நின்றபோதும், யான் தாயாரின் சேலைத் தலைப்பின் பின்னே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்நாளைய என் குற்றங்களுள், அறியாது உரைத்ததை யான் மன்னித்துக்கொள்ளக் கூடும். அறிந்து வாளாவிருந்த மூன்று நாட்களை மன்னிக்க இயலவில்லை.

மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து என் அத்தை வந்தார், தந்தையாருக்கு மூத்தவர், பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் அக்காளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி அருந்திவிட்டு, ஒரு தாளை எடுத்து, அவன் அறிந்திருந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். தட்டெழுத்து வகுப்பு, இரவு முறை, கைப்பேசி எண், தாழ்ப்பாள். பின்னர் என்னை மடியருகே இழுத்து, “எய்யா, இவையெல்லாம் அறிந்தவர் இவ்வீட்டில் யார் யார்?” என்று மெல்லக் கேட்டார். யான் அழுதேன். எல்லாவற்றையுஞ் சொன்னேன். தந்தையார் எழுந்தார், அத்தை கையமர்த்தி, “தம்பி, உட்கார். பிள்ளையை அடித்தால் இனி இவ்வீட்டில் எவரும் உண்மை பேசமாட்டார்கள்,” என்றார்.

அன்று மாலையே அத்தை, தந்தையார், அக்காள் மூவரும் மகளிர் காவல் நிலையத்திற்குச் சென்றனர். அவ்வகை நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992 முதல் இயங்கி வருவதையும் அன்றுதான் எங்கள் வீடு அறிந்துகொண்டது. நாள், நேரம், இடம், கண்டவர் பெயர் என அக்காள் தன் கையால் எழுதிய ஆறு பக்கங்களை ஆய்வாளர் அம்மையார் முழுதும் படித்தாராம், படித்து முடித்து, “நீ விருப்பமில்லை என்று சொன்னாயல்லவா? அதுவே போதும்,” என்றாராம். அவ்வொரு சொல்லைக் கேட்டபோதுதான் அக்காள் முதன்முறையாக அழுதாள் என்று அத்தை பின்னர்க் கூறினார். வழக்குப் பதிவாயிற்று. அவன் உறவினர் வந்து அவனை வெளியூருக்கு அழைத்துச் சென்றனர். விசாரணையில் வெளிப்பட்டது இவ்வளவே: ஒரு நாள் பேருந்தில் அவன் தவறவிட்ட சில்லறையை அக்காள் எடுத்துக் கொடுத்திருக்கின்றாள். அவளுக்கு அது நினைவேயில்லை. அவன் அதன்மேல் ஒரு மாளிகையே எழுப்பியிருந்தான்.

பால் முல்லன் என்னும் மனநல மருத்துவரும் துணைவரும் ஆஸ்திரேலியாவில் 145 தொடர்வோரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களை ஐவகையாகப் பிரித்தனர்: உறவு முறிந்து கைவிடப்பட்டோர், இல்லாத அன்பை நாடுவோர், பழகும் முறை அறியாதோர், பகை தீர்ப்போர், வேட்டையாடுவோர். அவன் எவ்வகையினன் என்று கூற யான் மருத்துவனல்லன். ஆனால் நடிகை ஷேஃபரைக் கொன்றவன் அவர் முகவரியை எவ்வாறு பெற்றான் என்பதைப் படித்தபோது யான் நெடுநேரம் அசையாதிருந்தேன். அவன் ஒரு துப்பறிவாளரை அமர்த்த, அவர் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்து அம்முகவரியைப் பெற்றுக் கொடுத்தார். கேட்டதும் கொடுத்துவிட்டனர். அதன் விளைவாக 1994-இல் அமெரிக்க நாடு அப்பதிவேடுகளைக் காக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சோடாவுக்கும் பந்துக்குமாக எங்கள் வீட்டுப் பதிவேட்டைத் திறந்து காட்டியவன் யான். எனக்கும் அம்முடிவுக்கும் இடையே நின்றது நல்லூழ் ஒன்றே.

அக்காளின் வருகைநாட்கள் குறைந்தமையால் ஓராண்டு வீணாயிற்று. பின்னர்ப் படித்து முடித்து, இன்று ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கின்றாள். அந்நிகழ்ச்சியைப்பற்றி எங்களுள் ஒருவரும் பேசியதில்லை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பரங்கிமலை இரயில் நிலையத்தில், தன்னைத் தொடர்ந்துவந்த ஒருவனால் ஓடும் இரயிலின்முன் தள்ளப்பட்டு ஒரு கல்லூரி மாணவி மாண்ட செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது, அக்காள் எழுந்து அதனை நிறுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்றாள். தாயாரும் பின்சென்றார். பாத்திரங்கள் கழுவப்படும் ஓசை வழக்கத்தினும் நெடுநேரம் கேட்டது.

அறைத்தோழனின் கேள்விக்குப்பின் இரண்டு வாரம் யான் எழுதுகோலைத் தொடவில்லை. பின்னர் ஒரு விடுமுறை நாளில் அக்காள் இல்லத்திற்குச் சென்று, எழுதியவரை அவள் கையிற் கொடுத்து, இதனை முடிக்கலாமா என்று இசைவு கேட்டேன். அவள் மாணவர் விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். படித்து முடித்ததும், “நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் பெண் எங்கே?” என்றாள்.

“எல்லாப் பக்கத்திலும் அவளைப்பற்றித்தானே அக்கா?”

“இல்லை தம்பி. எல்லாப் பக்கத்திலும் அவன்தான் இருக்கிறான். அவன் என்ன நினைக்கிறான், எங்கே நிற்கிறான், அடுத்து என்ன செய்வான் என்பதே கதை. அவள் ஓடுகிறாள், அஞ்சுகிறாள், வேறொன்றும் செய்யவில்லை. அவளுக்குப் பிடித்த பாடம் எது? யாரோடு சிரிப்பாள்? அதை நீ எழுதவேயில்லை. அவன் விரும்பியதும் அதுதானே? அவளுடைய நாட்களிலெல்லாம் அவன் ஒருவனே நிறைந்திருக்க வேண்டும் என்பது.”

எனக்கு விடை தோன்றவில்லை. சிறிது நேரங் கழித்து, பத்து வயது முதல் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அக்கா, அத்தை கேட்கும்வரை நான்தான் சொன்னேன் என்று உனக்குத் தெரியாதா?”

அவள் தாள்களை மடித்து என்னிடம் நீட்டினாள். “பூ வைத்த அன்றே தெரியும். உன்னிடம் புதுப்பந்து இருந்தது. வாங்கித் தந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை. சொன்னால் அப்பா உன்னைத் தோல் உரித்திருப்பார். எனக்கு விழுகிற திட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது; இன்னொன்று சேர்ந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.”

அம்மூன்று நாளும் யான் அவளை மறைத்தேன் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அவள் என்னை மறைத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பி, 2040-ஆம் ஆண்டுக் கதையை எடுத்துவைத்துவிட்டேன். வருங்காலத்துப் பொறிகளைப்பற்றி யான் கூறக்கூடியது சிறிதே. அவை இன்னுஞ் சிறியனவாகும், இன்னும் கூர்மையாகும், அவற்றைக் கண்டறியும் வேறு பொறிகளும் வரும். அவையெல்லாம் வந்த பின்னரும், தொடர்வோனுக்கு முதலில் வேண்டுவது அவன் கேட்டதைச் சொல்லும் ஒரு வாயும், அவள் கூறுவதை நம்பாத ஒரு வீடுமே. இவ்விரண்டையும் மறுத்துவிடுதல் எந்நிறுவனத்தின் கையிலும் இல்லை. நம் கையில் உள்ளது.

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிப்பேன். வகுப்புத் தோழி எந்தப் பேருந்தில் வருவாள், எந்த விடுதியில் தங்கியிருக்கின்றாள், அவள் எண் யாது என்று ஒருவன் நட்பாகக் கேட்பின், அவளைக் கேட்டுச் சொல்கின்றேன் என்று விடை கூறுங்கள். நேர்மையுடையவன் அதனாற் சினம் கொள்ளான். உங்கள் தங்கையோ தமக்கையோ ஒருவன் பின்தொடர்கின்றான் என்று சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேளாதீர்கள். எப்போது, எங்கே என்று கேட்டுத் தாளில் நாளிட்டு எழுதுங்கள். 181 என்னும் எண்ணும் மகளிர் காவல் நிலையமும் இருப்பதை அவளுக்கு நினைவூட்டுங்கள். அவளை வீட்டில் அடைக்காமல் அவளோடு கூட நடந்து செல்லுங்கள்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். ஊரும் முறையும் சிலவற்றை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். தனக்குப் பிடித்த பாடம் வேதியியல் என்பதையும், தட்டெழுத்து வகுப்பில் தான் நிமிடத்திற்கு நாற்பத்தைந்து சொல் அடித்ததையும் சேர்த்துக்கொள் என்றாள். சேர்த்துவிட்டேன்.